பிரிவில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத அதே பையன்கள்: ஆபர்னின் 2013 சீசன்

2013 ஏப்ரல் 20. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கிழக்கு ஓரமாக இருக்கிற ஆபர்ன் என்ற கல்லூரி ஊர். அங்கே ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 83,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எதிரணி என்று யாரும் கிடையாது, ஆபர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக் காட்டுகிற வசந்தகால ஆட்டம், அவ்வளவுதான். அந்த அணியோ முந்தைய சீசனில் 12 ஆட்டங்களில் 9-ஐத் தோற்றது. தன் பிரிவான எஸ்.இ.சி.யில் (தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஆடிய எட்டு ஆட்டங்களில் எட்டுமே தோல்வி. அப்படிப்பட்ட அணிக்கு இத்தனை கூட்டம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரின் நாற்சந்தியான டூமர்ஸ் கார்னரில் இரண்டு பழைய ஓக் மரங்கள் நின்றன. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அவற்றின் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்கிக் கொண்டாடுவது ஆபர்ன்காரர்களின் வழக்கம். 2010-ல் எதிரி அணியான அலபாமா பல்கலைக்கழகத்தின் ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேருக்கு விஷம் வைத்துவிட்டார். இரண்டு வருடம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. வெட்டப்போவதற்கு மூன்று நாள் முன்னால் கடைசியாக ஒரு தடவை சுருள் வீசிவிட்டுப் போகலாம் என்றுதான் பாதிப் பேர் வந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து இதே அணி எஸ்.இ.சி. சாம்பியன். தேசிய இறுதி ஆட்டத்தில் கோப்பைக்கு 13 நொடி தூரத்தில் நின்றது. இடையில் நடந்தவற்றில் இரண்டு ஆட்டங்களின் முடிவை இன்றைக்கும் கல்லூரி ஃபுட்பால் தெரிந்த யாரிடம் கேட்டாலும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்வார்கள். கேட்டால் கூடவே ஒன்று சொல்வார்கள்: "அது அதிர்ஷ்டம்." அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வேலை செய்ததற்கு முன்னாலேயே பெரிய காரியங்கள் நடந்துவிட்டன என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம், பழக்கமில்லாதவர்களுக்காக. இது நாம் சொல்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம் (யார்டு என்று சொல்வார்கள், நம் கெஜம்தான், மூன்றடி), இரண்டு முனையிலும் பத்துப் பத்து யார்டுக்கு ஒரு எல்லைப் பகுதி. பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தோடு எதிரியின் எல்லைப் பகுதிக்குள் போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி, அதற்குப் பிறகு ஒரு உதைக்கு 1 கூடுதல் புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி வாங்கலாம், அது ஃபீல்டு கோல். பந்தை முதலில் கையில் வாங்கி எறிவதா, ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்கிறவன் குவாட்டர்பேக். இது போதும்.

சரி, 2012-ல் ஆபர்ன் ஏன் அவ்வளவு மோசமாகப் போனது? இரண்டே வருடம் முன்னால், 2010-ல், இவர்கள் 14 ஆட்டத்தில் 14-ஐயும் வென்று தேசிய சாம்பியன். ஜீன் சிஸிக் தலைமைப் பயிற்சியாளர், கேம் நியூட்டன் குவாட்டர்பேக், தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தவர் கஸ் மல்ஸான். நியூட்டன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போனார், 2011 முடிந்ததும் மல்ஸான் ஆர்கன்சா ஸ்டேட் என்ற சின்ன அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். சிஸிக் புதிதாக ஒருவரை வைத்து, நிதானமாக நின்று ஆடும் பழைய பாணிக்கு அணியைத் திருப்பினார். கையில் இருந்த பையன்கள் எல்லாம் மல்ஸானின் வேக ஆட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள். மூன்று குவாட்டர்பேக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ஒருவரும் நிலைக்கவில்லை. எஸ்.இ.சி. ஆட்டங்கள் எட்டிலும் சேர்த்து ஆபர்ன் எடுத்தது 81 புள்ளி, சராசரி பத்துதான். ஜார்ஜியாவிடம் 38-0, கடைசி ஆட்டத்தில் அலபாமாவிடம் 49-0. மறுநாளே சிஸிக்கை அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மல்ஸான் திரும்பி வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அந்த 0-8 (வெற்றி 0, தோல்வி 8) அணி திறமையில்லாத அணி அல்ல. 2010, 2011, 2012 மூன்று வருடமும் ஆபர்ன் பள்ளிக்கூடங்களிலிருந்து பொறுக்கியெடுத்த பையன்களின் தரவரிசை நாட்டில் முதல் பத்தை ஒட்டியே இருந்தது. ஓட்டக்காரன் ட்ரே மேசன் அந்தப் பாழாய்ப்போன 2012-லேயே 1,000 யார்டு ஓடியிருக்கிறான். முன்வரிசை நடுவில் ரீஸ் டிஸ்ம்யூக்ஸ், இடது ஓரத்தில் கிரெக் ராபின்சன், பந்து பிடிக்க சாமி கோட்ஸ், தற்காப்பில் டி ஃபோர்டும் கிறிஸ் டேவிஸும், எல்லாரும் அந்த 49-0 அணியில் இருந்தவர்கள்தான். 2013-ன் கொண்டாட்டத்தில் நாம் பார்க்கிற முகங்களில் முக்கால்வாசி 2012-ல் தலை குனிந்து நின்ற முகங்கள். பெரிதாகப் புதிதென்று வந்தது ஒரு பயிற்சியாளரும் ஒரு குவாட்டர்பேக்கும்.

மல்ஸான் ஆர்கன்சாவில் பதினைந்து வருடம் பள்ளிக்கூடக் கோச்சாக இருந்தவர். கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகி மேலே வருகிற வழக்கமான பாதை அவருடையது அல்ல. சின்ன ஊர்ப் பள்ளிகளில், இருக்கிற பையன்களை வைத்துக்கொண்டு, எதிரணி மூச்சு விடுவதற்குள் அடுத்த வாய்ப்பை ஆட ஆரம்பித்துவிட வேண்டும் என்ற ஒரே யோசனையைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார். பொதுவாக ஒரு வாய்ப்பு முடிந்ததும் வீரர்கள் வட்டமாகக் கூடிப் பேசிவிட்டு வந்து நிற்பார்கள். மல்ஸான் அணியில் அந்தக் கூட்டமே கிடையாது. ஓரத்தில் நிற்கிறவர்கள் கையாலும் படம் போட்ட அட்டைகளாலும் சைகை காட்ட, உடனே பந்து கிளம்பிவிடும். களைத்துப்போனவனை மாற்றக்கூட எதிரணிக்கு நேரம் இருக்காது. மூன்றாம் கால் பகுதிக்கு மேல் எதிரணியின் கனத்த முன்வரிசை ஆட்கள் இடுப்பில் கை வைத்து நிற்க ஆரம்பிப்பார்கள், அங்கேதான் இவர்களுக்கு வேலை.

வேகம் ஒரு பாதி. இன்னொரு பாதி, ஒரு சின்னக் கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் இந்த சீசனே புரிந்த மாதிரி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்கத்துக்கு 11 பேர் என்றேன். ஓட்டத்தில் பந்து வைத்திருப்பவன் யாரையும் தடுக்க முடியாது, பந்தைக் கொடுத்துவிட்ட குவாட்டர்பேக்கும் சும்மா நிற்பான், ஆக எதிரணியின் 11 பேரைத் தடுக்க இவர்களிடம் 9 பேர்தான். எப்போதும் தற்காப்புப் பக்கம் ஆள் கூடுதல். இதற்கு விடை: எதிரணியின் வரிசை ஓரத்தில் நிற்கிற ஒருவனை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுவது. குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றருகே வைத்துக்கொண்டு, கையை எடுக்காமல், அந்த ஒருவனை மட்டும் பார்க்கிறான். அவன் ஓட்டக்காரனைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு அவன் விட்டுப்போன வெளிப்பக்கம் குவாட்டர்பேக்கே ஓடுகிறான். அவன் பாயாமல் நின்றால், பந்தை விட்டுவிடுகிறான், ஓட்டக்காரன் நடுவே போகிறான். அந்தத் தற்காப்பு வீரன் எதைச் செய்தாலும் தப்பு. யாரும் தொடாமலே ஒரு ஆள் ஆட்டத்திலிருந்து வெளியே. எல்லாம் அரை நொடியில், இரண்டு பேருடைய கையும் ஒரே பந்தின் மேல் இருக்கும்போது நடக்கிற தீர்மானம்.

இதற்கு வேகமாக ஓடக்கூடிய, பதறாத குவாட்டர்பேக் வேண்டும். நிக் மார்ஷல் அப்படி வந்தார், ஆனால் நேராக வரவில்லை. ஜார்ஜியா மாநிலத்துப் பையன், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தற்காப்பு ஆட்டக்காரராக ஆடினார், விதிகளை மீறியதாக 2012 தொடக்கத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். கன்சாஸில் ஒரு இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் அங்கே குவாட்டர்பேக்காக ஒரு சீசன் ஆடினார். அங்கிருந்து ஆபர்ன். அணியோடு அவர் பயிற்சி செய்ய ஆரம்பித்ததே கோடையில்தான், அந்த ஏப்ரல் ஆட்டத்தில் அவர் இல்லை. எறிவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். 14 ஆட்டத்தில் எறிந்து எடுத்தது 2,000 யார்டுக்கும் கீழே. ஆனால் ஓடி 1,068 யார்டு எடுத்தார், ஒரு குவாட்டர்பேக்குக்கு இது மிக அதிகம்.

சீசன் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. வாஷிங்டன் ஸ்டேட்டை 31-24, மிசிசிப்பி ஸ்டேட்டை 24-20, அதுவும் பத்து நொடி மிச்சமிருக்கும்போது மார்ஷல் எறிந்த டச்டவுனில். அடுத்து லூசியானாவில் மழையில் எல்.எஸ்.யு.வோடு ஆடி பாதி ஆட்டத்தில் 21-0 என்று பின்தங்கி, கடைசியில் 35-21 தோல்வி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இதுவும் முந்தைய வருடம் மாதிரிதான் போகும் என்று தோன்றியிருக்கும். ஆனால் அந்த இரண்டாம் பாதியில் ஓட்டம் எடுபட ஆரம்பித்ததை அணி கவனித்தது. ஒரு வார ஓய்வு இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆபர்ன் வேறு ஆபர்ன், இனி எறிந்து ஆடுவதை ஊறுகாய் மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டத்தையே சாப்பாடாக்கிக் கொண்ட ஆபர்ன். அந்த வருடம் நாட்டிலேயே அதிகமாக ஓடிய அணி இதுதான், ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 328 யார்டு.

அக்டோபர் 19-ல் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்தார்கள். அது அப்போது நாட்டின் தரவரிசையில் ஏழாம் இடம். அதன் குவாட்டர்பேக் ஜானி மன்ஸெல், முந்தைய வருடம் நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை முதல் வருட ஆட்டக்காரராக வாங்கியவர். அன்றைக்கு அவர் எறிந்து மட்டும் 454 யார்டு. ஆபர்ன் விடவில்லை, ஒரு நிமிடம் 19 நொடி இருக்கும்போது மேசன் உள்ளே புகுந்தார், 45-41. எனக்கு இந்த ஆட்டம்தான் சீசனின் உண்மையான திருப்பம். மற்ற இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கே அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. எதிரணி ஓயாமல் புள்ளி எடுக்க எடுக்க, இவர்களும் திரும்பத் திரும்ப ஓடி ஓடியே எடுத்து, கடைசியில் ஒரு படி மேலே நின்றார்கள்.

நவம்பர் 16, ஜார்ஜியா. மார்ஷலை நீக்கிய அதே அணி, இப்போது ஆபர்ன் மைதானத்தில். கடைசிக் கால் பகுதியில் ஆபர்ன் 37-17 என்று 20 புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஜார்ஜியா மூன்று டச்டவுன் அடித்து, இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் 38-37 என்று முந்திவிட்டது. ஆபர்னுக்கு நான்காவது வாய்ப்பு, 18 யார்டு போக வேண்டும், இன்னும் தன் பாதியிலேயே 27-வது யார்டில் நிற்கிறார்கள். மார்ஷல் பின்வாங்கி நீளமாக, மிக நீளமாக எறிந்தார். பந்து போன இடத்தில் ஜார்ஜியாவின் தற்காப்பு வீரர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே எகிறினார்கள். பேசாமல் தட்டிக் கீழே போட்டிருந்தால் ஆட்டம் அவர்களுடையது. ஒருவர் கையில் பட்டு பந்து அவர்கள் தலைக்கு மேலே முன்னால் எகிற, அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, ஒரு தடுமாற்றத்தோடு பிடித்து, அப்படியே உள்ளே. 73 யார்டு, 25 நொடி பாக்கி. அதற்குப் பிறகும் ஜார்ஜியா 25 யார்டு தூரம் வரை வந்துவிட்டது, கடைசி எறிவின்போது டி ஃபோர்ட் பாய்ந்து இடித்ததால்தான் தப்பித்தார்கள். 43-38.

இது அதிர்ஷ்டம். இதை வேறு பெயர் சொல்லி அழைக்க நான் முயலவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து நடந்ததை அதோடு ஒரே மூட்டையில் கட்டுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆபர்ன்-அலபாமா ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். முதல் ஆட்டம் 1893-ல். 1907-க்குப் பிறகு நாற்பது வருடம் ஆடாமலே இருந்து, 1948-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். நீண்ட காலம் இரும்பு ஆலைகளின் நகரமான பர்மிங்காமில் நடந்ததால் இந்தப் பெயர். ஆபர்ன் ஊருக்கே அலபாமா வந்து ஆடியது முதல்முறையாக 1989-ல்தான். மாநிலத்தில் தொழில்முறை என்.எஃப்.எல். அணி ஒன்றுகூடக் கிடையாது, அதனால் ஊர் ஊராக, வீட்டுக்குள்ளேயேகூட, நீ ஆபர்னா அலபாமாவா என்ற கேள்விதான். 2013-ல் அலபாமா 11 ஆட்டத்தில் 11 வெற்றி, நாட்டில் முதலிடம், 2011, 2012 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன், மூன்றாவதைத் தொடர்ச்சியாக எடுக்கப் போகிறார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். பயிற்சியாளர் நிக் சேபன், அந்தக் காலத்தில் அவருக்கு மேல் யாரும் இல்லை. ஆபர்ன் நான்காம் இடத்துக்கு வந்திருந்தது. நவம்பர் 30, ஜெயித்தவர்களுக்கு எஸ்.இ.சி.யின் மேற்குப் பாதிப் பட்டம், அதோடு எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தில் இடம்.

அலபாமா 21-7 என்று முன்னே போனது, ஆபர்ன் 21-21 ஆக்கியது. கடைசிக் கால் பகுதியில் அலபாமா தன் எல்லைக்கு ஒரு யார்டு முன்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது ஏ.ஜே. மெக்கேரன் அமாரி கூப்பருக்கு எறிந்து 99 யார்டு டச்டவுன், 28-21. கூட்டமே உட்கார்ந்துவிட்டது. அலபாமா அதற்கு மேல் ஒரே ஒரு ஃபீல்டு கோல் அடித்திருந்தாலும் கதை முடிந்திருக்கும். அவர்களால் முடியவில்லை. உதைப்பவர் கேட் ஃபாஸ்டர் அன்று இரண்டைத் தவறவிட்டார், மூன்றாவதை ஆபர்ன் வீரர்கள் தடுத்துவிட்டார்கள். ஒருமுறை உதைக்கலாம் என்ற தூரத்திலேயே சேபன் உதைக்க விடாமல் நான்காவது வாய்ப்பில் ஓடப் பார்த்து அதுவும் நடக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தேவைப்படும்.

தடுக்கப்பட்ட அந்த உதைக்குப் பிறகு ஆபர்னிடம் பந்து, இரண்டரை நிமிடம், 65 யார்டு. நேரம் இல்லாதபோது எல்லா அணியும் எறியும். மல்ஸான் ஓடினார். மேசன், மறுபடி மேசன், மறுபடி மேசன். 39 யார்டில் நிற்கும்போது அதே ஓட்டம் மாதிரிதான் ஆரம்பித்தது, மார்ஷல் பந்தை மேசனிடம் காட்டி, உருவிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். அன்று முழுவதும் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த அலபாமாவின் ஓரத் தற்காப்பு வீரர், அவர் ஓடத்தான் போகிறார் என்று தன் ஆளை விட்டுவிட்டு முன்னால் வந்தார். கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு அடி முன்னால் மார்ஷல் சட்டென்று பந்தை எறிந்தார். சாமி கோட்ஸைச் சுற்றி ஒருவர்கூட இல்லை. 28-28, 32 நொடி பாக்கி.

அன்றைக்கு அலபாமாவுக்கு எதிராக ஆபர்ன் ஓடியது 296 யார்டு. அவ்வளவு ஓடியதால்தான் அந்த ஒருவர் முன்னால் வந்தார். அந்த டச்டவுனில் அதிர்ஷ்டத்தின் பங்கு எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இனி அந்த ஒரு நொடி. அலபாமாவின் டி.ஜே. யெல்டன் பந்தோடு ஓடி ஓரக்கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. கூடுதல் நேர ஆட்டம்தான் என்று எல்லாரும் நினைக்க, சேபன் நடுவரிடம் போய் ஒரு நொடி மிச்சம் இருந்தது என்று வாதாடினார். வீடியோவைப் பார்த்து அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நொடியில் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்துப் பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்தார். ஃபாஸ்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது, ஆகவே புதுப் பையன் ஆடம் கிரிஃபித்தை அனுப்பினார். கால் வலு இவருக்கு அதிகம்தான், ஆனால் 57 யார்டு என்பது தேர்ந்த தொழில்முறைக்காரர்களுக்கே கஷ்டமான தூரம்.

இங்கே ஆட்ட விதி ஒன்று முக்கியம். உதைத்த பந்து கம்பத்துக்கு முன்னாலேயே இறங்கினால் அது செத்த பந்து கிடையாது. எதிரணியில் யாராவது அதைப் பிடித்து ஓடலாம். ஆபர்ன் ஆட்கள் இதை யோசித்தார்கள். உதைக்கு முன்னால் மல்ஸான் டைம் அவுட் கேட்டார். கம்பத்துக்கு அடியில் முதலில் வேறொரு தற்காப்பு வீரர் நிற்பதாகத்தான் இருந்தது, அவரை எடுத்துவிட்டு கிறிஸ் டேவிஸை நிறுத்தினார்கள். டேவிஸ் வழக்கமாக எதிரணி உதைத்து அனுப்புகிற பந்துகளைப் பிடித்து ஓடுகிறவர், அந்த மாதம்தான் டென்னசிக்கு எதிராக 85 யார்டு ஓடி டச்டவுன் அடித்திருந்தார். மறுபக்கம் அலபாமாவின் 11 பேர் யார்? உதைப்பவனுக்குப் பாதுகாப்பாக நிற்கும் கனத்த, உயர்ந்த, முன்வரிசைத் தடுப்பாளர்கள், பந்தைப் பிடித்து வைப்பவர், உதைப்பவர். ஓடுகிறவனை விரட்டிப் பிடிக்கிற ஆட்கள் அந்தக் கூட்டத்தில் கிட்டத்தட்ட இல்லை. பந்து குட்டையாக விழும் அபாயம் உள்ள தூரத்திலிருந்து, ஓட முடியாத 11 பேரை வைத்துக்கொண்டு, ஓடவே பிறந்த ஒருவனை நோக்கி உதைத்தார்கள்.

பந்து வலப்பக்கம் விலகிக் குறைவாக வந்தது. டேவிஸ் எல்லைப் பகுதியின் பின்கோட்டை ஒட்டி நின்று அதைப் பிடித்து, நடுவே கிளம்பி, இடது ஓரத்துக்கு வெட்டினார். ஆபர்ன் பையன்கள் அதற்குள் திரும்பி அவருக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி வரிசை கட்டிவிட்டார்கள். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே கால் வைத்து ஓடினார், பாதி மைதானம் தாண்டும்போது பின்னால் யாரும் இல்லை. 109 யார்டு. கல்லூரிக் கணக்கு 100-க்கு மேல் எழுதாது என்பதால் ஏட்டில் 100 என்றுதான் இருக்கும். ஆபர்ன் வானொலியில் ராட் பிராம்ப்லெட் குரல் கம்மக் கம்மக் கத்தியதை இன்றைக்கும் ஊரில் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2019-ல் அவரும் அவர் மனைவியும் கார் விபத்தில் போய்விட்டார்கள், அதற்குப் பிறகு அந்தப் பதிவைக் கேட்கும்போது எனக்கு மனசு கனத்துவிடுகிறது. 34-28. கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது. எதிரணியின் உதையைத் திருப்பி அலபாமாவை வீழ்த்துவது ஆபர்னுக்குப் புதிதும் அல்ல, 1972-ல் அலபாமாவின் இரண்டு உதைகளைத் தடுத்து இரண்டையும் டச்டவுனாக்கி 17-16 என்று வென்றதைப் பெரியவர்கள் அன்றைக்கு வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மகிழ்ச்சிக்கு ஒரு அசிங்கமான மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு இஷ்டமில்லை. கேட் ஃபாஸ்டருக்கு அன்று இரவே கொலை மிரட்டல்கள் வந்தன. கல்லூரிப் பையன், அப்போது இந்த விளையாட்டுக்காக அவனுக்குச் சம்பளம்கூடக் கிடையாது, படிப்புச் செலவு மட்டும்தான். முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கைப்பட ஆறுதல் கடிதம் அனுப்பினார். மரத்துக்கு விஷம் வைப்பதும் பையனுக்கு மிரட்டல் விடுவதும் ஒரே வியாதிதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7-ல் அட்லாண்டாவில் எஸ்.இ.சி. இறுதி ஆட்டம், எதிரணி மிசௌரி. 59-42. ஆபர்ன் அன்று ஓடியது 545 யார்டு, மேசன் ஒருவரே 46 முறை பந்தெடுத்து 304 யார்டு, நான்கு டச்டவுன். அதே இரவு, அதுவரை தோற்காமல் இருந்த ஒஹையோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 34-24 என்று தோற்றது. அப்போது தேசிய இறுதிக்கு இரண்டே அணிகள்தான், வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், பி.சி.எஸ். என்ற ஏற்பாடு. அதன் கடைசி வருடம் அது. இரண்டாம் இடம் காலியாக, ஆபர்ன் உள்ளே வந்தது. அப்புறம் 2014 ஜனவரி 6, கலிஃபோர்னியாவில் ரோஸ் பவுல் மைதானம், ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஃப்ளோரிடா ஸ்டேட். ஆபர்ன் 21-3 என்று முன்னிலை எடுத்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் துரத்தி வந்து, கடைசிக் கால் பகுதியில் 100 யார்டு திருப்பி ஓடிய ஒரு டச்டவுனால் 27-24 என்று முந்தியது. ஒரு நிமிடம் 19 நொடி இருக்கும்போது மேசன் 37 யார்டு ஓடி 31-27. டெக்ஸாஸில் அடித்ததும் இதே ஒரு நிமிடம் 19 நொடியில்தான். ஆனால் இங்கே எதிரில் ஜேமிஸ் வின்ஸ்டன், அவர் ஏழே வாய்ப்பில் 80 யார்டு கடந்து, 13 நொடி மிச்சமிருக்கையில் கெல்வின் பெஞ்சமினுக்கு எறிந்தார். 34-31. 2006 முதல் ஏழு வருடம் தேசியக் கோப்பை எஸ்.இ.சி.யை விட்டு வெளியே போகவில்லை, அன்றைக்குப் போனது. மேசனின் சீசன் மொத்தம் 1,816 யார்டு, 1985-ல் போ ஜாக்சன் வைத்த ஆபர்ன் சாதனையைத் தாண்டியது.

அதிர்ஷ்டக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். 12 வெற்றிகளில் ஆறு, எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் வந்தவை. எதிரணிகள் இவர்களுக்கு எதிராக ஆட்டத்துக்குச் சராசரி 24.7 புள்ளி எடுத்தன, சாம்பியன் அணிக்கு இது அதிகம். தற்காப்பு சுமார்தான். இவர்கள் எடுத்தது சராசரி 39.5, முந்தைய வருடம் 18.7. இரண்டு மடங்குக்கு மேல், அதே முன்வரிசை, அதே ஓட்டக்காரன். இந்த மாற்றத்தை எந்தக் காற்றும் கொண்டுவந்து போடவில்லை. அது நடந்ததால்தான் ஆறு ஆட்டங்கள் கடைசி நிமிடம் வரை வந்தன, 2012-ல் அவை பாதி ஆட்டத்திலேயே முடிந்துபோயிருக்கும். இப்போதெல்லாம் வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு உடனே மாறி உடனே ஆடலாம், பணமும் வாங்கலாம் என்றாகிவிட்டது. அதனால் இண்டியானா மாதிரி ஒரு அணி 2023-ல் 3-9 என்று இருந்து 2024-ல் 11-2 ஆகும்போது, பாதி அணியே புதிதாக வந்து இறங்கியிருக்கிறது. ஆபர்னுக்கு அந்த வசதி இல்லை. இருந்தவர்களை வைத்தே செய்தார்கள்.

அடுத்த வருடம் மார்ஷல் இருந்தார், மல்ஸான் இருந்தார், டிஸ்ம்யூக்ஸ் இருந்தார். மேசனும் ராபின்சனும் என்.எஃப்.எல்.லுக்குப் போயிருந்தார்கள். தாக்குதல் அப்போதும் நன்றாகவே ஓடியது. நவம்பர் 8, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் இந்த முறை ஆபர்ன் மைதானத்துக்கு வந்தது. மூன்று புள்ளி பின்தங்கிய ஆபர்ன் கடைசி மூன்று நிமிடத்துக்குள் எதிரி எல்லைக்கு இரண்டு யார்டு தூரத்தில் நின்றது. மார்ஷல் பந்தை ஓட்டக்காரன் கேமரன் ஆர்டிஸ்-பெய்னின் வயிற்றருகே வைத்தார், கொடுப்பதா உருவுவதா என்ற அந்த அரை நொடி, இரண்டு பேர் கையும் பந்தின் மேல், பந்து நழுவிக் கீழே விழுந்தது. டெக்ஸாஸ் எடுத்துக்கொண்டது. இன்னொரு வாய்ப்பும் வந்தது, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில், மார்ஷல் தயாராவதற்குள் டிஸ்ம்யூக்ஸ் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டார், அதுவும் போனது. 41-38. ஆபர்ன் அந்த வருடம் 8-5.